டிரேக்கி வைத்த பிள்ளையிடம் பராமரிப்பை எப்போது, எப்படி ஒப்படைப்பது?

மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைத்த ட்ரக்கியாஸ்டமி குழாயோடு (பேச்சில் ‘டிரேக்கி’) வளரும் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்தே தீரும். சளி உறிஞ்சுவது, கழுத்து நாடா மாற்றுவது, துளையைச் சுற்றித் துடைப்பது என்று இத்தனை நாளாக நாம் செய்து வந்ததை இனிப் பிள்ளையே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமா? வேண்டுமென்றால் எப்போது? தொடக்கநிலை ஒன்றுக்குப் போகும்போதா, உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போதா? இல்லை, என்றைக்காவது குழாயை எடுத்துவிடத்தானே போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிடலாமா?

என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே குழாய் வைத்தார்கள். குறைமாதத்தில் பிறந்து வெகுநாள் சுவாசக் கருவியில் இருந்ததில் குரல்வளைக்குக் கீழே மூச்சுப்பாதை குறுகிப்போனது. இப்போது சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். கிளினிக்கில் காத்திருக்கும்போது பழகிய குடும்பங்கள் ஆளுக்கொரு வழியில் போயிருக்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்று வழிகள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் அதில் ஒரு வரிசை உண்டு. பிள்ளை முதலில் தன் உடம்பு சொல்வதைக் கவனித்து நம்மிடம் சொல்லப் பழக வேண்டும். சளி உறிஞ்சும் மெல்லிய குழாயான கதீட்டரைக் கையில் பிடிப்பது அதற்கு அப்புறம்.

ஒப்பிடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

எல்லாப் பிள்ளையின் குழாயும் ஒன்றல்ல. உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: குழாய் தவறிக் கழன்றுவிட்டால் என் பிள்ளையால் வாய், மூக்கு வழியாக எவ்வளவு நேரம் மூச்சுவிட முடியும்? சில பிள்ளைகளுக்கு மேல் மூச்சுப்பாதை ஓரளவு திறந்திருக்கும். பெரியவர் ஓடி வரும்வரை சமாளித்துக்கொள்வார்கள். என் மகளைப் போல மேலே அடைப்பு உள்ளவர்களுக்கு அந்தக் குழாய்தான் மொத்த வழியும். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி முறை ஒத்துவராது.

சுவாசக் கருவி பொருத்திய பிள்ளை என்றால் கணக்கு இன்னும் வேறு. வீட்டில் சுவாசக் கருவியோடு இருக்கும் பிள்ளைகளுக்காக அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2016-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்திருந்து பிள்ளையோடு இருக்க வேண்டும், குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேருக்காவது அந்தப் பிள்ளையின் பராமரிப்பில் பயிற்சி வேண்டும் என்பது அதன் பரிந்துரை. எந்நேரமும் என்றால் நள்ளிரவும் சேர்த்துத்தான். அப்படிப்பட்ட பிள்ளை நாற்பது வேலையைத் தானே செய்யக் கற்றாலும், பக்கத்தில் ஆள் இல்லாமல் இருக்கலாம் என்ற பேச்சே கிடையாது.

சுவாசக் கருவி இல்லாத பிள்ளைக்கும் ஒரு எல்லை உண்டு. குழாய் கெட்டிச் சளியால் அடைத்துக்கொண்டால் முதலில் உறிஞ்சிப் பார்ப்போம். கதீட்டர் உள்ளே இறங்கவில்லை என்றால் உடனே குழாயை மாற்றுவோம். அதே அளவு நுழையவில்லை என்றால் ஓர் அளவு சிறியது. கூட இருப்பவர் அதற்குள் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்திருப்பார். இத்தனையும் நடக்கும்போது பிள்ளையின் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் இறங்கினால் யாருக்குமே புத்தி குழம்பும், விரல் சொன்னபடி கேட்காது. பத்து வயதுப் பிள்ளை அந்த நிமிடத்தில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று எந்த வழியும் கணக்குப் போடக்கூடாது. கீழே நான் சொல்லும் மூன்று வழிகளிலும் அவசர நேரத்துக் குழாய் மாற்றம் பெரியவர் கையில்தான்.

பெரியவர்களே பார்த்துக்கொள்வது

இங்கே பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். அம்மா, அப்பா, பணிப்பெண். சில வீடுகளில் பாட்டி. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழாய் வைத்த முதல் வருடங்களில் வேறு வழியே இல்லை. பயிற்சி பெற்ற பெரியவர் கை சுத்தமாகவும் வேகமாகவும் இருக்கும். பிள்ளை கவலையில்லாமல் விளையாடும். நான் மகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது என் மாமியார் கண் கலங்கிவிட்டார். “இந்த வயசுல புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா? நாம இல்லையா?” என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உடம்புக்கு முடியாத பிள்ளைக்குப் பிள்ளைப் பருவமாவது முழுதாகக் கிடைக்கட்டும் என்பதுதானே அது.

ஆனால் இந்த ஊரில் இந்த வழி யார் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோர் வீட்டில் பகல் முழுக்கப் பொறுப்பு பணிப்பெண்ணிடம். 16 வயதுக்குக் கீழே சிங்கப்பூர்க் குடிமகனான பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி என்பதால் பல குடும்பங்களால் ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடிகிறது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் பராமரிப்பாளர் பயிற்சி மானியத்தைக் கொண்டு அவரையும் வகுப்புக்கு அனுப்பலாம். எங்கள் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த அக்கா, மகளின் மூச்சுச் சத்தத்தை அடுத்த அறையிலிருந்தே கேட்டுச் சொல்வார். அவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனபோது அந்தக் காதும் அவரோடு போய்விட்டது. புதிதாக வந்தவருக்கு எல்லாம் முதலிலிருந்து. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளாவது பணிப்பெண்ணுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது மனிதவள அமைச்சின் விதி. அது மிகவும் சரியான விதி. பிள்ளையின் மூச்சு ஒருவரின் ஓய்வு நாளை நம்பியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பணிப்பெண் மாறுவார், தாதி மாறுவார், ஆசிரியர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். அந்தக் குழாயோடு இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பது பிள்ளை மட்டும்தான். அதற்கு எதுவும் தெரியாமல் வைத்திருப்பதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்களே செய்து வந்த வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதில் திடீரென்று கற்றுக்கொடுக்க உட்காருவார்கள். அம்மா தொட்டாலே பிள்ளை சிலிர்க்கும் வயது அது. கழுத்தை ஸ்கார்ஃபால் மறைக்கும், நண்பர்கள் முன்னால் சளி உறிஞ்சும் சக்‌ஷன் வேண்டாம் என்று சளியோடு உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஆரம்பிப்பது எல்லோருக்கும் கஷ்டம்.

இந்த வழி முழுக்கப் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. சில மாதங்களில் குழாயை எடுத்துவிடத் திட்டம் இருக்கிறது, குழாயின் வாயை மூடிப் பார்க்கும் சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்றால், புதிதாக ஒரு வேலையைப் பிள்ளைக்குப் பழக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தேதி உறுதியாக இருக்க வேண்டும். ‘அடுத்த வருஷம் எடுத்துடுவாங்க’ என்பதையே ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

விடுமுறையில் உட்கார்ந்து மொத்தமாகப் பயிற்சி

இரண்டாவது வழி, நவம்பர் நடுவில் தொடங்கும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையைப் பயன்படுத்துவது. தாதியிடம் நேரம் வாங்கி, பொம்மையில் பழகி, அப்புறம் தன் கழுத்தில் பழகி, ஒவ்வொரு படியையும் தாதி பார்த்துச் சரி சொன்னபின் அடுத்ததற்குப் போவது. ஒழுங்கான முறை. அம்மாவிடம் அடம் பிடிக்கும் பிள்ளை தாதி சொன்னால் கேட்கும். பெற்றோர் பழக்கத்தில் சேர்த்துக்கொண்ட குறுக்குவழிகள் எதுவும் பிள்ளைக்குப் போய்ச் சேராது.

பெரிய பிள்ளையாக இருக்கும்போது குழாய் வைக்க நேர்ந்தவர்களுக்கு, விபத்துக்குப் பிறகோ நோய் முற்றியோ, இதுதான் வழி. பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பொம்மை விளையாட்டில் தொடங்கிப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. அவனுக்குக் காரணத்தோடு, நேராக, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும்: அதைத் தொடக்கநிலை ஆறில் வைக்காதீர்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஆண்டில் பிள்ளைக்கு அது ஒரு பாடம் கூடுதலாகத் தெரியும்.

இந்த வழியின் பலவீனம், கற்றது விடுமுறையோடு நின்றுவிடுவது. ஜனவரியில் பள்ளி திறந்து காலை அவசரத்தில் அம்மா, ‘கொடு, நான் செய்றேன், பஸ் வந்துடும்’ என்று வாங்கிக்கொள்வார். மார்ச் வருவதற்குள் பிள்ளைக்குக் கை விட்டுப்போய்விடும். கற்றுக்கொண்டான் என்ற நினைப்பில் நாமும் கவனத்தைத் தளர்த்தியிருப்போம். செய்யத் தெரியாதவன் என்று நினைத்துப் பார்த்துக்கொள்வதைவிட அது மோசம்.

சின்ன வயதிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக

மூன்றாவது வழி இரண்டு மூன்று வயதிலேயே தொடங்குகிறது. அந்த வயதில் பிள்ளை ‘செய்வது’ ஒன்றும் பெரிதாக இருக்காது. மூச்சுக் காற்றை ஈரப்படுத்தக் குழாயின் வாயில் மாட்டும் எச்எம்இ மூடியை எடுத்து அம்மாவிடம் கொடுப்பது. நாடா எந்த நிறம் என்று சொல்வது. பொம்மையின் கழுத்தில் ஒரு பழைய குழாயைச் செருகி, அதற்குச் சளி உறிஞ்சுவது. இருமிச் சளி வெளியே வந்தால் டிஷ்யூவால் துடைப்பது. குழாயின் வாயை விரலால் மூடாமல், உள்ளே எதையும் போடாமல் இருப்பதும் இந்த வயதுப் பாடம்தான். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மணலை அள்ளி வீசும் கூட்டத்திலிருந்து தானாக நகர்ந்து வரத் தெரிந்த மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் பராமரிப்பில் ஒரு பெரிய பகுதி ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்றே சொல்வேன்.

நாலைந்து வயதில் சொல்லப் பழக்குவது. நான் அதிக நேரம் கொடுத்தது இங்கேதான். சக்‌ஷன் வேண்டும், வேண்டாம், சளி மேலே இருக்கிறது, உள்ளே இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, நாடா இறுக்குகிறது. இதையெல்லாம் பிள்ளை சொல்ல வேண்டும். குரல் இல்லாத பிள்ளை சைகையில் சொல்லலாம், படத்தைத் தொட்டுச் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் நான் உறிஞ்சும் மெஷினை எடுப்பதற்கு முன் மகளிடம் ‘வேணுமா? எங்க இருக்கு?’ என்று கேட்பேன். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு ஒருநாள் ‘வேணாம், இருமினா வந்துடும்’ என்று சைகை காட்டினாள். இருமினாள், வந்துவிட்டது. தேவையில்லாத ஒரு சக்‌ஷன் மிச்சம். தேவையில்லாமல் அடிக்கடி உறிஞ்சினால் உள்தோல் புண்ணாகி ரத்தம் கசியும் என்பதால் அது சின்ன விஷயம் இல்லை.

சளியின் நிறமும் இந்த வயதிலேயே பிள்ளைக்குப் புரியும். தெளிவாகவோ வெள்ளையாகவோ இருந்தால் வழக்கம்போல. மஞ்சளோ பச்சையோ, நாற்றமோ, சிவப்புக் கோடோ தெரிந்தால் பெரியவரிடம் சொல்ல வேண்டும். கெட்டியாகிக்கொண்டே போனால் அதையும் சொல்ல வேண்டும், அடைப்பு அங்கேதான் தொடங்கும். நம் ஊர் வெளிக்காற்றில் ஈரம் அதிகம், ஆனால் நாள் முழுக்க ஏர்கான் அறையில் இருக்கும் பிள்ளையின் சளி காய்ந்துபோகும். புகைமூட்ட நாள்களில் இன்னும் கஷ்டம். 2015 செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்துக்காகத் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார்கள். மூக்கு செய்யும் வடிகட்டும் வேலை, ஈரப்படுத்தும் வேலை இரண்டும் டிரேக்கி பிள்ளைக்குக் கிடையாது. அதைச் செய்யத்தான் எச்எம்இ. அது ஏன் கழுத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அதைக் கழற்றி வீசுவது குறைவு.

அப்புறம்தான் கை. ஏழெட்டு வயதில் குழாயின் வாயில் நிற்கும் சளியை மட்டும் எடுப்பது. அது பழகியபின், அளந்து வைத்த நீளத்துக்கு உள்ளே விட்டு எடுப்பது. இந்த அளவு முக்கியம். கதீட்டர் எதிர்ப்புத் தட்டும்வரை உள்ளே தள்ளுவது பழைய முறை. குழாயின் நீளத்தை அளந்து, கதீட்டரின் ஓட்டைகள் குழாய் முனையைச் சற்றே தாண்டும் அளவுக்கு மட்டும் விடுவதை அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2000-லேயே சொல்லிவிட்டது. பிள்ளை தானே செய்யப் போகிறது என்றால் வேறு முறைக்கு இடமே இல்லை. மெஷின் அழுத்தம் பிள்ளைகளுக்குப் பொதுவாக 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பார்கள்; உங்கள் பிள்ளைக்கு மருத்துவமனை சொன்ன எண் எதுவோ அதை மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

எங்கள் வீட்டில் இது குளியலறைக் கண்ணாடி முன்னால் நடக்கும். மகள் முக்காலியில் ஏறி நிற்பாள். கை கழுவுவாள். கதீட்டரில் அளவுக்கோடு எந்த எண்ணில் என்று எனக்குக் காட்டுவாள். இடதுகை இரண்டு விரலால் குழாயின் இறக்கையை, கழுத்தை ஒட்டி இருக்கும் தட்டை, அழுத்திப் பிடித்துக்கொண்டு வலதுகையால் கதீட்டரை விடுவாள். உள்ளே போகும்போது பெருவிரல் கதீட்டரின் பிடியில் உள்ள ஓட்டையை மூடக்கூடாது, வெளியே எடுக்கும்போதுதான் மூட வேண்டும். முதலில் கண்ணாடி அவளைக் குழப்பியது. வலப்பக்கம் போக வேண்டிய கை இடப்பக்கம் போகும். நான் பக்கத்தில் நின்று மெதுவாக எண்ணுவேன், பத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். களக் என்று ஒரு சத்தம், உறிஞ்சுகுழாயில் ஒரு நூல் ஓடும், அவள் முகம் தெளியும். கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சவிட்டுக் கதீட்டரை அலசுவாள். இப்போது கண்ணாடியைப் பார்ப்பதில்லை, விரல் உணர்ச்சியிலேயே செய்கிறாள். கண்ணாடியில் ஆரம்பித்தாலும் அதை விட்டுவிடப் பழக்க வேண்டும் என்பது என் கருத்து. பஸ்ஸில் கண்ணாடி இருக்காது. பாட்டிதான் முதல் மாதங்களில் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். இப்போது விருந்தினர் வந்தால் பேத்தி செய்வதைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு, அதை மறைத்துச் சொல்லக்கூடாது. ஒன்று, பெரியவர்கள் கை கழுவிவிடுவது. ‘அவளே செய்வாளே’ என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கும் நாள் வந்தால் அது தவறான நாள். இரண்டு, பிள்ளைக்குப் பயம் ஏறுவது. சில பிள்ளைகள் ஒரு கட்டத்தில் மூச்சைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள், ஒன்றுமில்லாவிட்டாலும் சக்‌ஷன் செய்வார்கள். அப்போது பயிற்சியை நிறுத்தி, சில வாரம் நாம் செய்து, மறுபடி தொடங்க வேண்டும். பின்னால் போவதும் இந்த வழியில் சேர்ந்ததுதான். காய்ச்சல் வந்தாலும் அப்படியே: உடம்பு சரியில்லாத பிள்ளையிடம் எந்த வேலையும் கேட்பதில்லை, எல்லாவற்றையும் நாங்களே செய்கிறோம்.

குழாய் மாற்றத்தைச் சொல்லிக்கொடுக்கலாமா? திட்டமிட்டு மாற்றும் நாளில், இரண்டு பெரியவர்கள் நிற்கும்போது, பதின்ம வயதுப் பிள்ளை தானே மாற்றப் பழகலாம், மருத்துவர் சம்மதித்தால். அதற்கு முன் நாடாவில் ஒரு விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும், மாற்றுக் குழாயில் எண்ணைச் சரிபார்த்துச் சத்தமாகப் படிப்பதும் பிள்ளையின் வேலையாக இருக்கலாம். என் மகள் இப்போது அங்கேதான் இருக்கிறாள்.

பள்ளியில் யார்?

மூன்று வழிகளும் உண்மையில் மோதிக்கொள்வது இங்கே. கட்டாயக் கல்விச் சட்டம் 2003-ல் நடப்புக்கு வந்தது. 2019-லிருந்து மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் அது பொருந்துகிறது. ஆக, ஏழு வயதில் பிள்ளை ஏதாவது ஒரு பள்ளிக்குப் போகும். போகும் நாளில் சக்‌ஷன் யார் செய்வது என்பதற்குப் பதில் வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் எடுக்கும் முடிவு, பணிப்பெண்ணோ அம்மாவோ பள்ளி உணவகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. முதல் தவணைக்கு இது நல்லது. ஆசிரியருக்கும் தைரியம் வரும். ஆனால் வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்து, உணவகம் கீழே இருந்தால் அந்தப் படிக்கட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைவிட, உணவு இடைவேளையில் அம்மா பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மேசைக்கு மற்ற பிள்ளைகள் வருவது குறைவு. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

பள்ளியில் சில பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வைப்பது இன்னொன்று. பள்ளி சம்மதித்தால் இதுதான் அடித்தளம், பிள்ளை தானே செய்யத் தெரிந்திருந்தாலும் சரி. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் விடுப்பில் இருக்கும் நாளில் ஒன்றுமில்லை. வகுப்பாசிரியர் கேட்பது பெரும்பாலும் ‘எப்படி உறிஞ்சுவது’ என்று இருக்கும். அதற்கு முன் ‘எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம்’ என்பதைச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை இருமினாலே 995-ஐ அழைக்கும் ஆசிரியரும் சரி, உதடு நீலமாகும்வரை காத்திருக்கும் ஆசிரியரும் சரி, இரண்டுமே பிள்ளைக்கு நல்லதல்ல.

பிள்ளை தானே செய்வது, பெரியவர் பார்த்துக்கொண்டிருப்பது. நாங்கள் தொடக்கநிலை மூன்றில் இதற்கு வந்தோம். வகுப்பின் ஓரத்தில் ஒரு மேசை, மெஷின், பை. அவள் கார்டை உயர்த்திக் காட்டிவிட்டு எழுந்து போவாள், செய்து முடிப்பாள், திரும்பி வருவாள். பயிற்சி பெற்ற உதவியாளர் தலையைத் திருப்பிப் பார்ப்பார், எழுந்து வரத் தேவையிருக்காது. வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சில நடைமுறை விஷயங்கள், எந்த வழியை எடுத்தாலும். அவசரப் பை பிள்ளையோடுதான் போக வேண்டும்: அதே அளவு குழாய், ஓர் அளவு சிறிய குழாய், நாடா, கத்தரிக்கோல், கதீட்டர், ஜெல், எச்எம்இ, கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் ‘ஆம்பு’ (Ambu) பை. தெரிந்த குடும்பம் ஒன்றின் பிள்ளை படித்த பள்ளியில் அந்தப் பை அலுவலகத்தில் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது; தீயணைப்புப் பயிற்சியின்போது பிள்ளை திடலில், பை மாடியில். மெஷின் பேட்டரியை இரவு சார்ஜில் போடும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்கள், அதை மறக்காமல் செய்ய எட்டு வயது போதும். உதவிக்கு விசில் கொடுப்பவர்கள் உண்டு. காற்று குழாய் வழியாகவே வெளியே போகும் பிள்ளையால் அதை ஊத முடியாது. கையால் அடிக்கும் மணியோ பட்டனை அழுத்தினால் ஒலிக்கும் மணியோ கொடுங்கள். நீச்சல் வகுப்பு பற்றி முதல் வாரமே பேசிவிடுங்கள். தொடக்கப்பள்ளிகளில் ஸ்விம்சேஃபர் பாடம் வரும், டிரேக்கி பிள்ளை குளத்தில் இறங்க முடியாது. மகள் அந்த நாள்களில் குளத்தருகே நேரத்தைக் குறித்துக்கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தண்ணீர் தெறிக்காத தூரத்தில் நாற்காலி எங்கே என்று ஆசிரியருக்குக் காட்டியதும் அவள்தான்.

கை ஒத்துழைக்காத பிள்ளைகள்

இதுவரை சொன்னதெல்லாம் விரல் நன்றாக இயங்கும் பிள்ளையை நினைத்துத்தான். தசைச் சிதைவு நோயோ முதுகுத்தண்டு தசை நலிவோ உள்ள பிள்ளைகள் பலருக்குக் கதீட்டரைப் பிடிக்கவே முடியாது. அவர்களுக்கு மூன்றாவது வழி இல்லை என்று பெற்றோர் முடிவு கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. நான் முதலில் சொன்ன வரிசையில் அவர்களுக்கு முதல் பகுதி முழுவதும் இருக்கிறதே. எப்போது உறிஞ்ச வேண்டும், எவ்வளவு ஆழம், எவ்வளவு அழுத்தம், போதும், இன்னொரு தடவை. இதை அந்தப் பிள்ளை சொல்லி இன்னொருவர் செய்தால் பராமரிப்பு அந்தப் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது. புதிதாக வரும் பணிப்பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றித் தானே பாடம் எடுக்கும் பதின்ம வயதுப் பையனை எனக்குத் தெரியும். அம்மா அறைக்கு வெளியே நின்றிருந்தார்.

டிரேக்கி பிள்ளைகள் பேசப் பயன்படுத்தும் பாஸி-மியூர் வால்வை உருவாக்கிய டேவிட் மியூர் தசைச் சிதைவு நோயோடு சுவாசக் கருவியில் இருந்த ஓர் இளைஞர். தனக்குக் குரல் வேண்டும் என்று யோசித்தவர் அவரே. அந்த வால்வு எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. மூச்சு மேல்வழியாக வெளியேற இடம் இருக்க வேண்டும், பலூன் உள்ள குழாய் என்றால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் போட வேண்டும், தூங்கும்போது கழற்ற வேண்டும். இந்த விதிகளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குத் தன் வால்வைப் போடு, கழற்று என்று ஆணையிடும் உரிமையையும் கொடுங்கள்.

புரிதலிலேயே தாமதம் உள்ள பிள்ளைகளுக்கு இலக்கு இன்னும் சிறிதாக இருக்கலாம். தலையை நிமிர்த்திக் காட்டுவது, குழாயை இழுக்காமல் இருப்பது, சளி வந்தால் கழுத்தைத் தொட்டுக் காட்டுவது. அந்தக் குடும்பங்கள் சட்டப் பக்கத்தையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். 21 வயதானதும் பெற்றோர் என்ற முறையில் மட்டும் மருத்துவ முடிவு எடுக்க முடியாது, மனநலத் திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில், பிள்ளை சார்பில் முடிவெடுக்கும் முகவராக நியமனம் பெற வேண்டியிருக்கும். புரிதல் நன்றாக உள்ள பிள்ளைக்கோ அதே வயதில் கையெழுத்து அவருடையது.

பிள்ளைகள் மருத்துவமனையிலிருந்து பெரியவர்கள் மருத்துவமனைக்கு மாறும்போதும் இதே கதைதான். புதிய மருத்துவர் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்பார், அம்மாவிடம் இல்லை. என்ன அளவுக் குழாய், எந்த வகை, கடைசியாக எப்போது மாற்றியது, மேல் மூச்சுப்பாதை எப்படி. அடுத்த முறை கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உங்கள் முறை வரும்போது, இந்த நான்கில் ஒன்றையாவது பிள்ளை சொல்லட்டும் என்று உட்காருவதற்கு முன்பே தாதியிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் காத்திருப்பார்கள். பேச்சுப் பயிற்சியாளரையும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும் அதே நாளில் பார்க்க நேரம் கேளுங்கள். விரல் பலம், பேச்சு, பள்ளி மேசையின் உயரம் எல்லாம் ஒரே பேச்சில் முடியும்.